கோப்பை எந்தப் பக்கம்?

மதுரைக்கு ஒரு கட்சி, திண்டுக்கல்லுக்கு ஒரு கட்சி: கம்பம் பள்ளத்தாக்கின் கிரிக்கெட் கனவு

ஜூன் மாதம் பிறந்தால் கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு பேச்சுத்தான்.

ஒன்று, தண்ணீர்ப் பேச்சு. மற்றொன்று, பந்துப் பேச்சு!

"பெரியாறு அணையில் எத்தனை அடி?" என்பது முதல் கேள்வி. "இந்த வருஷம் மதுரையா, திண்டுக்கல்லா?" என்பது அடுத்த கேள்வி.

டீக்கடை பெஞ்சில் ஒரே பத்திரிகையை நாலு பேர் பங்கு போட்டுப் படிப்பார்கள். பெரியவர் அணை நீர்மட்டம் போட்ட பக்கத்தை எடுத்துக் கொள்வார். பையன் விளையாட்டுப் பக்கத்தை உருவிக் கொள்வான். இரண்டு பேர் முகத்திலும் ஒரே ஆவல்தான் இருக்கும்.

காரணம் உண்டு. விதை போடும் போது விளைச்சல் கையில் இல்லை. பந்தயம் தொடங்கும் போது கோப்பையும் கையில் இல்லை. இரண்டும் நம்பிக்கையின் மேல் நடக்கிற காரியம்!

தண்ணீரும் பந்தும்

முல்லைப் பெரியாறு அணை 1895ல் திறக்கப்பட்டது. மேற்கே ஓடிக் கடலில் விழுந்த தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியவர் பென்னிகுவிக் என்ற ஆங்கிலேய என்ஜினீயர். அந்தத் தண்ணீர்தான் பள்ளத்தாக்கின் உயிர்.

கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இரண்டு போகம் நெல் விளைகிறது. அணையில் போதிய நீர் இருந்தால், முதல் போகத்துக்கு ஜூன் 1ந் தேதி தண்ணீர் திறப்பது வழக்கம். மதகு திறந்ததும் விவசாயிகள் மலர் தூவுவார்கள். நாற்றங்கால் வேலை தொடங்கும்.

அதை ஒட்டித்தான் தமிழ்நாடு பிரிமியர் லீக் கிரிக்கெட்டும் வருகிறது. டி.என்.பி.எல். என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். 2025ல் ஜூன் 5ந் தேதி தொடங்கியது. 2024ல் ஜூலை 5ந் தேதி தொடங்கியது. தேதி முன்னே பின்னே போகும். ஆனால் தென்மேற்குப் பருவக் காற்று வீசும் காலமே அதற்கும் காலம்.

மலையில் சாரல், வயலில் நாற்று, வீட்டில் கிரிக்கெட்!

சொந்த அணி இல்லை

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தேனி மாவட்டத்துக்கு என்று இந்தப் பந்தயத்தில் ஓர் அணி கிடையாது.

8 அணிகள் ஆடுகின்றன. சேப்பாக்கம், கோவை, சேலம், திருச்சி, நெல்லை, திருப்பூர், மதுரை, திண்டுக்கல் ஆகிய ஊர்களின் பெயரில் 2025ல் அவை ஆடின. தேனியின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. கம்பமும் இல்லை. போடியும் இல்லை.

அப்படியானால் கம்பத்துப் பையன் யாருக்காகக் கை தட்டுவது?

இங்கேதான் குடும்பக் கதை வருகிறது. தேனி ஒரு காலத்தில் மதுரை மாவட்டத்தில் இருந்தது. திண்டுக்கல்லும் அப்படியே. 1985ல் திண்டுக்கல் தனி மாவட்டம் ஆயிற்று. 1996ல் தேனி தனி மாவட்டம் ஆயிற்று.

ஆகவே மதுரை தாய் வீடு. திண்டுக்கல் முன்னால் தனிக்குடித்தனம் போன அண்ணன் வீடு!

தாய் வீட்டுக்கு விசுவாசமா? அண்ணன் வீட்டுக்கு விசுவாசமா? பள்ளத்தாக்கு இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறது. கூடலூர் முதல் தேனி வரை, ஒரே தெருவில் இரண்டு கட்சிக்காரர்களும் இருப்பார்கள். ஏன், ஒரே வீட்டிலும் இருப்பார்கள்.

மாமனும் மருமகனும்

மாமன் மதுரைக் கட்சி. மருமகன் திண்டுக்கல் கட்சி. பந்தயம் தொடங்க ஒரு வாரம் இருக்கும் போதே வாய்ச் சண்டை ஆரம்பமாகிவிடும்.

"மாப்ளே, சித்திரைத் திருவிழாவுக்கு எங்கே போறே? மதுரைக்குத்தானே! அப்புறம் கிரிக்கெட்டுக்கு மட்டும் ஏன் திண்டுக்கல்?" என்று மாமன் மடக்குவார்.

"திருவிழா வேற, ஆட்டம் வேற மாமா! நத்தத்துல நாங்க மைதானமே வச்சிருக்கோம்" என்று மருமகன் திருப்பி அடிப்பான்.

மருமகன் பேச்சில் விஷயம் இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டம் நத்தத்தில் என்.பி.ஆர். கல்லூரி மைதானம் இருக்கிறது. டி.என்.பி.எல். ஆட்டங்கள் அங்கே பல ஆண்டுகளாக நடக்கின்றன. பள்ளத்தாக்கு மக்கள் நேரில் போய்ப் பார்க்கக் கூடிய பெரிய கிரிக்கெட் மைதானங்களில் அது ஒன்று.

கம்பத்தில் இருந்து புறப்பட்டால் தேனி, பெரியகுளம், வத்தலக்குண்டு, திண்டுக்கல் தாண்டி நத்தம் போக வேண்டும். ஆட்டம் இரவு 7.15 மணிக்குத் தொடங்கும். முடிய 11 மணி ஆகும். திரும்பி வரப் பஸ்ஸை நம்ப முடியாது. ஆகவே பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, வாடகையைப் பங்கு போட்டு வேன் பிடிப்பது உண்டு.

மற்றவர்களுக்கு டெலிவிஷன்தான். இரவு ஏழேகால் மணி என்பது சீரியல் பார்க்கும் நேரமும் ஆயிற்றே! அம்மா ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். நடுவில் ரிமோட்! கடைசியில் பிள்ளை செல்போனைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவான்.

பந்தயம் எப்படி?

கிரிக்கெட் தெரியாத பெரியவர்களுக்கும் இந்தக் கணக்கு எளிதில் புரியும்.

ஒவ்வோர் ஆட்டத்திலும் ஓர் அணிக்கு 20 ஓவர். ஓர் ஓவருக்கு 6 பந்து. ஆக, 120 பந்துகளில் எத்தனை ரன் எடுக்க முடியும் என்பதுதான் ஆட்டம்.

ஓர் அணி மற்ற 7 அணிகளையும் ஒரு முறை சந்திக்கும். வென்றால் 2 புள்ளி. தோற்றால் ஒன்றும் இல்லை. இப்படி 28 ஆட்டம் நடக்கும். முதல் 4 இடம் பிடித்த அணிகள் அடுத்த கட்டத்துக்குப் போகும். அங்கே இறுதி ஆட்டத்தையும் சேர்த்து 4 ஆட்டம். மொத்தம் 32.

7 ஆட்டத்தில் 4 ஜெயித்தால் அடுத்த கட்டத்துக்கு வழி பிறக்கலாம். 3 ஜெயித்தால் மற்றவர்கள் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்!

இரண்டு அணிகள் ஒரே புள்ளியில் நின்றால் என்ன செய்வது? அப்போது "நிகர ரன் விகிதம்" என்று ஒரு கணக்குப் பார்ப்பார்கள். ஓவருக்குச் சராசரி எத்தனை ரன் எடுத்தாய்? எதிரிக்கு ஓவருக்குச் சராசரி எத்தனை ரன் கொடுத்தாய்? வரவில் செலவைக் கழித்தால் மிச்சம் எவ்வளவு? அவ்வளவுதான். குடும்பம் நடத்துகிற அம்மாமார்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித் தர வேண்டியது இல்லை.

பள்ளிக்கூடத்தில் கணக்கு வராது என்று அழுகிற பையன், தன் அணியின் ரன் விகிதத்தை மனக் கணக்காகப் போட்டுச் சொல்வதை வீட்டுக்கு வீடு பார்க்கலாம்!

அடியில் கிடந்த மதுரை

மதுரைக் கட்சிக்காரர்களின் நம்பிக்கைக்கு ஆதாரம் எது? 2018ம் ஆண்டுதான்.

டி.என்.பி.எல். பந்தயம் 2016ல் தொடங்கியது. அந்த ஆண்டும், அடுத்த ஆண்டும் மதுரை அணிக்குத் தோல்வி மேல் தோல்வி. பட்டியலின் அடியில் கிடந்தது. "மதுரை ரசிகன்" என்று சொன்னாலே மற்றவர்கள் சிரிப்பார்கள்.

2018ல் அணிக்குப் புதுப் பெயர் வந்தது: மதுரை பாந்தர்ஸ். பெயர் மாறியது; ராசியும் மாறியது. அந்த அணி இறுதி ஆட்டம் வரை வந்தது.

எதிரே நின்றது யார்? திண்டுக்கல்!

தாய் வீடும் அண்ணன் வீடும் கோப்பைக்காக மோதின. பள்ளத்தாக்கில் அன்று இரவு எத்தனை வீட்டில் சண்டை நடந்திருக்கும் என்று சொல்லவா வேண்டும்?

ஆகஸ்டு 12ந் தேதி, சென்னை சேப்பாக்கத்தில் அந்த ஆட்டம் நடந்தது. திண்டுக்கல் 117 ரன்னில் சுருண்டது. மதுரை ஆட வந்தபோது தொடக்கத்திலேயே விக்கெட்டுகள் சரிந்தன. ஆனால் அருண் கார்த்திக் கடைசி வரை நின்றார். ஆட்டம் இழக்காமல் 75 ரன் எடுத்தார். மதுரை 7 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது.

அடியில் கிடந்தவன் அடுத்த ஆண்டு கோப்பையைத் தூக்கினான்! "அன்றைக்கு நடந்தது இன்றைக்கு நடக்காதா?" மதுரைக் கட்சிக்காரர்கள் ஒவ்வொரு ஜூன் மாதமும் கேட்கும் கேள்வி இதுதான்.

திண்டுக்கல் பட்ட பாடு

திண்டுக்கல் கட்சிக்காரர்களின் கதை வேறு மாதிரி. அவர்கள் அடியில் கிடந்து அழுதவர்கள் அல்ல. கோப்பை கை நழுவியதற்காக அழுதவர்கள்.

2018ல் இறுதி ஆட்டத்தில் தோல்வி. 2019லும் இறுதி ஆட்டம் வரை வந்தார்கள். சேப்பாக்கம் அணியிடம் தோற்றார்கள். 2020ல் கொரோனா வந்தது. பந்தயமே நடக்கவில்லை.

2024ல்தான் விடிந்தது. ஆகஸ்டு 4ந் தேதி நடந்த இறுதி ஆட்டத்தில் கோவை அணியைத் திண்டுக்கல் எதிர்த்தது. கோவை முந்திய இரண்டு ஆண்டுகளும் கோப்பை கண்ட அணி. 2022ல் மழை பெய்ததால் சேப்பாக்கத்துடன் பங்கு போட்டுக் கொண்டது; 2023ல் தனியாக வென்றது.

அந்தக் கோவையைத் திண்டுக்கல் வீழ்த்தியது. தலைவர் ரவிச்சந்திரன் அஸ்வின் முன்னின்று 52 ரன் எடுத்தார். இந்திய அணியின் புகழ் பெற்ற பந்து வீச்சாளர், அன்று மட்டையால் கோப்பையை வாங்கித் தந்தார்.

அடுத்த ஆண்டு என்ன ஆயிற்று? 2025 ஜூலை 6ந் தேதி. மீண்டும் இறுதி ஆட்டம். அதுவும் சொந்த மைதானமான நத்தத்தில்! வேன் வேனாக ரசிகர்கள் கூடுவதற்கு இதைவிட வேறு நாள் வேண்டுமா?

திருப்பூர் அணி 220 ரன் குவித்தது. திண்டுக்கல் 102 ரன்னில் சுருண்டது. 118 ரன் வித்தியாசத்தில் தோல்வி. சொந்த வீட்டு முற்றத்தில், சொந்தக்காரர்கள் பார்த்துக் கொண்டிருக்கும் போதே கோப்பை போய்விட்டது.

அப்படி அடி வாங்கியவனும் அடுத்த பருவம் வந்தால் மறுபடி நம்புவான். ஏன்? தொடக்க நாளில் புள்ளிப் பட்டியலைப் பாருங்கள். சென்ற முறை கோப்பை வாங்கிய அணிக்கும் பூஜ்யம். கடைசியில் நின்ற அணிக்கும் பூஜ்யம். எல்லோரும் ஒரே கோட்டில் நிற்கும் நாள் அது ஒன்றுதான்.

108 ஆண்டு காத்திருந்தார்கள்!

இது கம்பத்துக்கு மட்டும் உரிய பைத்தியம் அல்ல. உலகம் முழுவதும் உண்டு.

அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம். அதுவும் மட்டையும் பந்தும் கொண்டு ஆடுவதுதான். பனிக்காலம் முடிந்து வசந்தம் தொடங்கும் போது பேஸ்பால் பருவமும் தொடங்கும். "இந்த ஆண்டு நம் ஆண்டு" என்று ஊருக்கு ஊர் சொல்வார்கள்.

சிகாகோ நகரில் கப்ஸ் என்று ஓர் அணி. அது 1908ல் பட்டம் வென்றது. அதற்குப் பிறகு எப்போது வென்றது தெரியுமா? 2016ல்! நடுவில் 108 ஆண்டு. பாட்டன் காத்திருந்தார், தகப்பன் காத்திருந்தார், பேரன் பார்த்தான்.

நியூயார்க் நகரில் புரூக்ளின் என்ற பகுதி உண்டு. அந்தப் பகுதியின் அணிக்கு டாட்ஜர்ஸ் என்று பெயர். பல முறை இறுதிக்கு வந்து தோற்ற அணி. 1955ல்தான் அதற்குப் பட்டம் கிடைத்தது. புரூக்ளின் மக்கள் தெருவில் இறங்கிக் கூத்தாடினார்கள். ஆனால் 1957ம் ஆண்டுப் பருவம் முடிந்ததும் அணியை அதன் முதலாளி லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் கொண்டு போய்விட்டார். அணி போயிற்று, ரசிகர்கள் ஊரிலேயே நின்றார்கள்.

"அமெரிக்காவில் நடந்தது நமக்கு எதற்கு?" என்று நினைக்க வேண்டாம். நம் ஊரிலும் அது நடந்தது!

டி.என்.பி.எல். தொடங்கிய காலத்தில் "காரைக்குடி காளை" என்று ஓர் அணி இருந்தது. செட்டிநாட்டு மக்கள் அதைத் தங்கள் அணியாகக் கொண்டாடினார்கள். பிற்பாடு அந்த அணி திருப்பூருக்குப் போயிற்று. "திருப்பூர் தமிழன்ஸ்" ஆயிற்று. 2025ல் நத்தத்தில் கோப்பை தூக்கியது அந்த அணிதான்!

காரைக்குடி ரசிகர் மனம் அன்று என்ன பாடு பட்டிருக்கும்? வளர்த்த பிள்ளை வேறு வீட்டுக்குப் போய்ச் சம்பாதித்த கதைதான்.

அணி என்பது முதலாளியின் சொத்து. பெயர் மாறலாம், ஊர் மாறலாம். ரசிகனுக்கு அதில் பத்திரம் கிடையாது, பட்டா கிடையாது. அப்படியானால் அவன் எதை நம்பி உட்கார்ந்திருக்கிறான்?

சின்னப்பம்பட்டி கற்றுக் கொடுத்த பாடம்

அதற்குப் பதில், சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் இருக்கிறது.

தங்கராசு நடராஜன் அந்த ஊர்ப் பிள்ளை. தகப்பனார் நெசவுத் தொழிலாளி. தாயார் சாலை ஓரத்தில் கடை போட்டுக் குடும்பத்தைத் தாங்கியவர். நடராஜன் இருபது வயது வரை ஆடியது டென்னிஸ் பந்தில்தான். கிராமத்துப் பொட்டல்தான் அவருடைய மைதானம்.

2016ல் முதல் டி.என்.பி.எல். பந்தயம். நடராஜன் எந்த அணிக்கு ஆடினார்? திண்டுக்கல் அணிக்கு! ஆட்டக்காரரின் கால் விரலைக் குறி வைத்து விழுகிற "யார்க்கர்" பந்துதான் அவருடைய ஆயுதம். அதைத் தமிழ்நாடு டெலிவிஷனில் பார்த்தது.

சில மாதங்களில், 2017 ஐ.பி.எல். ஏலத்தில், பஞ்சாப் அணி அவரை 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது.

உடனே வாழ்க்கை மலர்ப் பாதை ஆகிவிட்டதா? இல்லை. காயம் வந்தது. அடுத்து ஐதராபாத் அணிக்குப் போனார். அங்கே இரண்டு ஆண்டு ஓர் ஆட்டத்தில் கூட இறங்காமல் உட்கார்ந்திருந்தார். 2020ல் வாய்ப்பு வந்தது. விடவில்லை.

அந்த ஆண்டு இறுதியில் ஆஸ்திரேலியா போனார். ஒரே சுற்றுப் பயணத்தில் ஒரு நாள் ஆட்டம், 20 ஓவர் ஆட்டம், டெஸ்ட் ஆட்டம் ஆகிய மூன்றிலும் இந்தியாவுக்காக முதன் முதலாக இறங்கினார். அப்படி இறங்கிய முதல் இந்தியர் அவரே!

டெஸ்ட் ஆட்டத்தில் அவர் பிரிஸ்பேன் நகரில் இறங்கிய நாள் 2021 ஜனவரி 15. அது மாட்டுப் பொங்கல் நாள். கம்பம் பள்ளத்தாக்குக்கு அது இன்னொரு விதத்திலும் திருநாள். பென்னிகுவிக் பிறந்த நாள்! ஊர் பொங்கல் வைத்துக் கொண்டிருந்த அன்று, தமிழ்நாட்டுக் கிராமத்துப் பிள்ளை ஒருவர் ஆஸ்திரேலிய மண்ணில் பந்து வீசிக்கொண்டிருந்தார்.

ஊர் திரும்பிய நடராஜன் சின்னப்பம்பட்டியை மறக்கவில்லை. அங்கே ஒரு கிரிக்கெட் மைதானம் அமைத்தார். 2023ல் அது திறக்கப்பட்டது.

கம்பத்துக் கண்மாய்க் கரையில் டென்னிஸ் பந்து வீசும் பையன் இந்தக் கதையை மனப்பாடமாகச் சொல்வான். திண்டுக்கல் ஜெயிக்க வேண்டும் என்று அவன் ஆசைப்படுவது உண்மை. ஆனால் அதற்கு அடியில் இன்னோர் ஆசையும் இருக்கிறது. "அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு நம் பக்கத்துப் பிள்ளை ஒருத்தன் இறங்க மாட்டானா?" அதை அவன் வாய்விட்டுச் சொல்வது இல்லை.

படித்துவிட்டு வந்தவர்

"பந்து சோறு போடுமா?" என்று கேட்கும் தகப்பன்மார் உண்டு. அவர்கள் கேட்பதில் தப்பு இல்லை.

விடியற்காலையில் ஜீப் ஏறி, மலை ஏறி, கேரளத்து ஏலத் தோட்டங்களில் கூலி வேலை செய்து பிள்ளையைப் படிக்க வைக்கிறவர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் ஆயிரக் கணக்கில் இருக்கிறார்கள். நல்ல மட்டை ஒன்று வாங்கப் பல நாள் கூலி வேண்டும். பிள்ளை புத்தகத்தை விட்டுவிட்டு மட்டையைத் தூக்கினால் வயிறு எரியாதா?

அவர்களுக்கு மதுரை அணியில் முன்பு ஆடிய ஒருவரிடம் பதில் உண்டு. அவர் பெயர் வருண் சக்கரவர்த்தி.

பள்ளிக்கூட நாளில் கிரிக்கெட் ஆடினார். அணிகளில் இடம் கிடைக்கவில்லை. விட்டுவிட்டார். கட்டடக் கலை படித்தார். பட்டம் வாங்கினார். கட்டடங்களுக்கு வரைபடம் போடும் வேலை பார்த்தார். அதற்குப் பிறகுதான் மறுபடியும் பந்தைத் தொட்டார். வேகப் பந்து வீசினார். காயம் பட்டதால் சுழல் பந்துக்கு மாறினார்.

2018ல் மதுரை கோப்பை வென்றதே, அந்த அணியில் அவர் இருந்தார். பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாமல் எதிரிகள் திணறினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில் அவருக்கு வைத்த ஆரம்ப விலை 20 லட்ச ரூபாய். ஏலம் போன விலை 8 கோடியே 40 லட்ச ரூபாய்!

2025 மார்ச்சு 2ந் தேதி துபாயில் நியூசிலாந்தை எதிர்த்து இந்தியா ஆடியது. சாம்பியன்ஸ் கோப்பைப் பந்தயம். வருண் 5 விக்கெட் வீழ்த்தினார். சில நாட்களில் அந்தக் கோப்பையையும் இந்தியா வென்றது.

படிப்பை முடித்த பிறகும் பந்து காத்திருக்கும் என்பதற்கு அவரே சாட்சி. படிப்பா, ஆட்டமா என்று வீட்டில் சண்டை வரும் போது தகப்பனும் பிள்ளையும் சேர்ந்து நினைத்துப் பார்க்க வேண்டிய கதை இது.

88 பேர்தான்!

ஒரு கணக்கையும் மறக்கக் கூடாது.

ஓர் அணியில் களம் இறங்குகிறவர்கள் 11 பேர். 8 அணிக்கு 88 பேர். தமிழ்நாடு முழுவதும் தெருவிலும் பொட்டலிலும் ஆடுகிற லட்சக் கணக்கான பிள்ளைகளில் 88 பேருக்குத்தான் ஆடும் பதினொருவரில் இடம். அவர்களிலும் இந்திய அணி வரை போகிறவர்கள் விரல் விட்டு எண்ணக் கூடியவர்கள்.

ஆகவே ஆசைப்படலாம், ஆசையை மட்டுமே நம்பி உட்காரக் கூடாது. பள்ளி அணி, கல்லூரி அணி, மாவட்ட அணி என்று படிப்படியாக ஏற வேண்டும். தேர்வு எப்போது, எங்கே என்று விளையாட்டு ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும். தேர்வுக்குப் போகிற பிள்ளையுடன் ஒரு நாள் வேலையை விட்டு ஒரு தகப்பன் போனால், அது பத்து மட்டை வாங்கிக் கொடுத்ததற்குச் சமம்.

சூது வேண்டாம்!

ரசிகனின் நம்பிக்கையைக் காசாக்கப் பார்க்கிறவர்களும் உண்டு. அவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

"யார் ஜெயிப்பார்கள் என்று சொல்லு, பணம் கட்டு, இரட்டிப்பாகும்" என்று செல்போனில் ஆசை காட்டுவார்கள். முதலில் நூறு ரூபாய் வரும். பிறகு ஆயிரம் போகும். அதற்குப் பிறகு வீட்டு நகை போகும்.

ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2022ல் சட்டம் இயற்றப்பட்டது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நாடு முழுவதும் தடை செய்ய 2025ல் பாராளுமன்றமும் சட்டம் இயற்றியது. சட்டம் இருக்கிறது. ஆனால் பிள்ளையின் செல்போனை ஒரு கண் பார்ப்பது பெற்றோர் கையில்தான் இருக்கிறது.

மதுரை தோற்றால் மனம் நொந்து இரண்டு நாளில் சரியாகிவிடும். பந்தயப் பணம் போனால் குடும்பம் எழுந்திருக்கப் பல வருஷம் ஆகும்.

தேனிக்கு ஓர் அணி?

பள்ளத்தாக்கு ரசிகர்களுக்கு இன்னொரு கனவும் உண்டு. என்றைக்காவது தேனியின் பெயரில் ஓர் அணி வராதா என்பதே அது.

வந்தால் அதற்கு என்ன பெயர் வைப்பது என்று கூட டீக்கடையில் தீர்மானம் ஆகிவிடும். "பென்னிகுவிக் பெயரைத்தான் வைக்க வேண்டும்" என்பார் பெரியவர். "மேகமலை யானைகள்" என்பான் பையன். பன்னீர் திராட்சைத் தோட்டக்காரர், "திராட்சைக் குலை படம் போட்ட கொடி வேண்டும்" என்பார்.

அணி வருமோ, வராதோ! போடி ரயிலையும் இப்படித்தான் பேசினார்கள். அகல ரயில் பாதை போடுவதற்காக 2010ம் ஆண்டு முடிவில் மதுரை–போடி ரயிலை நிறுத்தினார்கள். "இனி வராது" என்றார் பலர். 2022ல் தேனிக்கு வந்தது. 2023ல் போடிக்கு வந்தது. காத்திருந்து பழகிய ஜனங்கள்!

அதுவரை தாய் வீட்டுக்கும் அண்ணன் வீட்டுக்கும் மாறி மாறிக் கை தட்ட வேண்டியதுதான். மாமன் மதுரையை விட்டுக் கொடுக்கப் போவது இல்லை. மருமகன் திண்டுக்கல்லை விட்டுக் கொடுக்கப் போவது இல்லை.

ஆனால் ஒன்றில் மட்டும் இரண்டு பேரும் ஒரே கட்சி. மைதானத்தில் புதுப் பையன் ஒருவன் இறங்கினால், "எந்த ஊர்ப் பிள்ளை?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள். அவன் எந்த அணியில் ஆடினாலும் சரி, தேனிப் பக்கம் என்று தெரிந்தால் போதும். அன்றைக்கு மதுரையும் இல்லை, திண்டுக்கல்லும் இல்லை. வீடு முழுவதும் அவன் கட்சிதான்!